பகையாளி கண்ட கொலை: ஒரு சாட்சிய விதி பிறந்த கதை

கொலை வழக்கு நடக்கும் எந்த அமர்வு நீதிமன்றத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். சாட்சிக் கூண்டில் இறந்தவரின் தம்பி நிற்பார். இல்லாவிட்டால் மனைவி, மகன், பங்காளி. குறுக்கு விசாரணையை முடிக்கப்போகும் வக்கீல் கடைசியாகக் கேட்பார்: "உங்கள் குடும்பத்துக்கும் முதல் எதிரியின் குடும்பத்துக்கும் வாய்க்கால் தகராறில் முன்விரோதம் இருப்பதால், சம்பவத்தைப் பார்க்காமலேயே பார்த்ததாகச் சொல்கிறீர்கள் அல்லவா?" பதிவாகும் பதிலும் ஏறக்குறைய எல்லா வழக்கிலும் ஒன்றுதான்: "முன்விரோதத்தால் பொய்சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல."

இந்தப் பதில்தான் வரும் என்று வக்கீலுக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாக வேண்டும். சாட்சியிடம் கேட்டுவைக்காத ஒன்றைப் பின்னால் வாதத்தில் எடுத்துவைத்தால் எடுபடாது. அரசுத் தரப்போ அதே முன்விரோதத்தை வேறு விதமாகக் காட்டும். பகை இருந்ததால்தான் வெட்டினான் என்பது அவர்கள் கட்சி. பகை இருந்ததால்தான் பெயரைச் சேர்த்தார்கள் என்பது இவர்கள் கட்சி. ஒரே வாய்க்கால், ஒரே தகராறு, இரண்டு முடிவு. பகை இருபுறமும் வெட்டும் கத்தி என்று இந்தியத் தீர்ப்புகள் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

அப்படியானால், பகையாளி ஒருவர் "கண்ணால் கண்டேன்" என்று சொல்வதை நீதிமன்றம் என்ன செய்வது? இன்றைய விதி இப்படிப் போகிறது: பகை என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியத்தைத் தள்ளக் கூடாது, இத்தனை பேர் சொன்னால்தான் நம்புவேன் என்று தலை எண்ணவும் கூடாது, கூடுதல் கவனத்தோடு அலசி, நிற்கிற பகுதியை மட்டும் ஏற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. இங்கே வந்துசேர ஈராயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வழியில் இரண்டு பழைய விதிகள் நெடுங்காலம் ஆண்டு, கடைசியில் தோற்றன.

வாசலில் நிறுத்திய விதி

முதல் விதி, ஆளைப் பார்த்து உள்ளே விடுவது. மனு தர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயம் யார் யாரைச் சாட்சியாக அழைக்கலாகாது என்று பட்டியல் போடுகிறது. வழக்கில் ஆதாயம் உள்ளவர், நண்பர், கூட்டாளி, பகைவர் எல்லாரும் அதில் அடக்கம். ஆனால் அதே அத்தியாயம் சற்றுத் தள்ளிப்போய் இளகுகிறது. வன்முறை, திருட்டு, அடிதடி போன்றவற்றில் சாட்சியின் தகுதியை ரொம்பவும் துருவ வேண்டாம் என்கிறது. உயிர் போன இடத்தில் நேரில் அறிந்தவர் எவரும் சாட்சி சொல்லலாம் என்கிறது. கடன் வாங்கும்போது நல்ல சாட்சியாகப் பார்த்து உட்காரவைக்கலாம். கொலைகாரன் அப்படிச் சாட்சி தேடிவைத்துக்கொண்டு வெட்டுவதில்லை. பட்டியல் எழுதியவர்களுக்கே இது உறைத்திருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ரோமானியச் சட்டத்தின் வழியில் வளர்ந்த திருச்சபை நீதிமன்றங்கள் உயிர்ப்பகை உள்ளவரின் சாட்சியத்தை ஏற்பதில்லை. இந்த விதி எவ்வளவு கோணலாகப் போகக்கூடும் என்பதற்கு ஸ்பெயினின் சமய விசாரணை மன்றமே உதாரணம். தனக்கு எதிராகச் சாட்சி சொன்னது யார் என்று அங்கே கைதிக்குச் சொல்லமாட்டார்கள். அவனுக்குக் கொடுத்த வாய்ப்பெல்லாம் ஒன்றே ஒன்று: தன் பகையாளிகள் யார் யார் என்று அவனே ஊகித்துப் பட்டியல் கொடுக்கலாம். மறைந்திருக்கும் சாட்சியின் பெயர் அதில் இருந்துவிட்டால் அந்தச் சாட்சியம் வலுவிழக்கும். ஆக, தப்பிக்க நினைத்தவன் வாழ்நாளில் சண்டை போட்ட அத்தனை பேரையும் நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. வெளியே சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே கறுவிக்கொண்டிருந்தவன் பட்டியலில் வராமலேயே தப்பினான்.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் பகையைவிட ஆதாயத்தைக் கண்டு அஞ்சியது. வழக்கின் முடிவால் சல்லிக்காசு பயன் உண்டென்றாலும் சாட்சிக் கூண்டு கிடையாது. வழக்காடும் இருவருமே தம் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. பொய் சொல்லக் காரணம் உள்ளவன் பொய்தான் சொல்வான் என்பது இந்த விதிக்கு அடியில் கிடந்த நம்பிக்கை. அதன் விலையைச் செலுத்தியவர்கள், நடந்ததை உண்மையிலேயே பார்த்த ஒரே ஆளாக இருந்தும் வாய் திறக்க முடியாமல் போனவர்கள்.

தலை எண்ணிய விதி

இரண்டாவது விதி, எண்ணிக்கை. ஒருவர் சாட்சியத்தை வைத்து எவரையும் குற்றவாளி என்று தீர்க்கலாகாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்கிறது விவிலியத்தின் உபாகமம். ரோமானியப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 334-ல் இதைச் சட்டமாக்கினான். ஒற்றைச் சாட்சி எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் கேட்க வேண்டாம் என்பது உத்தரவு. 1215-ல் நான்காம் லாட்டரன் சங்கம், தீயில் நடக்கவைத்தும் நீரில் முக்கியும் குற்றம் அறியும் சோதனைகளில் பாதிரிமார் பங்கேற்கக் கூடாதென்று தடுத்தது. அதன் பிறகு ஐரோப்பிய மன்றங்கள் கடுங்குற்றங்களுக்கு நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் அல்லது குற்றவாளியின் ஒப்புதல் என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டன.

பார்வைக்கு இது குற்றம் சாட்டப்பட்டவனைக் காக்கும் விதி. நடைமுறையில் அவனையே கடித்தது. ஒரு சாட்சிதான் இருக்கிறார் என்றால் அது அரைச் சான்று. மீதி அரையை எங்கே தேடுவது? ஒப்புதலில். ஒப்புதலை எப்படி வாங்குவது? சித்திரவதையில். எண்ணிக்கையில் கறாராக இருந்த சட்டமே சித்திரவதைக் கூடத்துக்குக் கதவு திறந்தது.

எண்ணிக்கை இருந்தும் பொய் வெல்லலாம் என்பதற்கு சூசன்னாவின் கதை பழைய சான்று. கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலோடு சேர்ந்துவரும் கதை அது. இச்சைக்கு இணங்காத பெண்மேல் இரண்டு முதியவர்கள் கள்ள உறவுப் பழி சுமத்துகிறார்கள். சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். சாவுத் தண்டனையும் விதித்தாயிற்று. இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி ஒரே கேள்வி கேட்கிறான்: எந்த மரத்தடியில் பார்த்தீர்கள்? ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறு மரத்தையும் சொல்ல, வழக்கு கவிழ்கிறது. ஒரு சாட்சி கூண்டில் நிற்கும்போது மற்றவர்களை வெளியே உட்காரவைக்கும் இன்றைய வழக்கத்தின் நியாயம் முழுக்க இந்தக் கதைக்குள் இருக்கிறது. சாட்சிகளின் தொகை இங்கே ஒன்றும் சொல்லவில்லை. தனித்தனியே கேட்ட கேள்விதான் சொன்னது.

எண்ணிக்கை விதியை ஏமாற்றுவதும் சுலபம். இங்கிலாந்தில் ராஜத்துரோக வழக்குக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். 1683-ல் அல்ஜெர்னான் சிட்னி மேல் வழக்கு வந்தபோது ஹோவர்டு பிரபு என்ற ஒரே சாட்சிதான் கிடைத்தார். தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ் அசரவில்லை. சிட்னியின் வீட்டில் கிடைத்த அச்சேறாத கையெழுத்துப் பிரதியையே இரண்டாவது சாட்சியாகக் கணக்கில் சேர்த்துவிட்டார். அந்த டிசம்பரில் சிட்னியின் தலை உருண்டது.

கதவைத் திறந்தவர்கள்

இந்த இரண்டு விதிகளையும் ஒருசேர உலுக்கியவர் ஜெரமி பெந்தம். சாட்சியம் பற்றி அவர் எழுதிக் குவித்திருந்த தாள்களை ஒழுங்குபடுத்தி, 1827-ல் ஐந்து தொகுதிகளாக வெளிவரச் செய்தவர் அப்போது இருபது வயதையொட்டி இருந்த ஜான் ஸ்டூவர்ட் மில். பெந்தமின் வாதம் நேரடியானது. ஏதோ ஒரு விருப்போ வெறுப்போ இல்லாத சாட்சி உலகில் இல்லை. பொய் சொல்லக் காரணம் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. கதவைச் சாத்தினால் பொய்யோடு உண்மையும் வெளியே நின்றுவிடும். ஆகவே எல்லாரையும் உள்ளே விடு, கேள், குறுக்கே கேள், பிறகு எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்.

1843-ல் இங்கிலாந்து சட்டம் இறங்கிவந்தது. டென்மன் பிரபு கொண்டுவந்த சட்டம், ஆதாயம் உள்ளவர் என்பதற்காகச் சாட்சியை விலக்கும் பழைய விதியின் முதுகெலும்பை முறித்தது. இந்தியாவில் இந்த மாற்றத்துக்கு முழு வடிவம் தந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1869 முதல் 1872 வரை வைசிராயின் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த அவர் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம், 1872 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 118-ஆம் பிரிவுப்படி, கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சி. பகைவர், உறவினர் என்று விலக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. 134-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்: எந்த ஒரு சங்கதியையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்பதில்லை.

வாசல் திறந்தது, எண்ணிக்கையும் போயிற்று. ஆனால் உள்ளே வந்த பகையாளியின் பேச்சை எப்படி மதிப்பது என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அந்த இடத்தைப் பழைய பழக்கங்கள் நிரப்பிக்கொண்டன. "சுயேச்சையான சாட்சி எங்கே?", "உறவுக்காரர்கள் மட்டும்தானா?", "ஒரே ஆளை நம்பித் தண்டிப்பதா?" என்று நீதிமன்றங்களில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போன விதிகள் வக்கீல்களின் வாதத்தில் உயிரோடு இருந்தன.

பஞ்சாபின் இரண்டு பெண்கள்

சுதந்திரத்துக்குப் பின் வந்த உச்ச நீதிமன்றத்துக்கு இந்தப் பழக்கத்தோடு மோதும் வேலை வந்தது. 1953-ல் தலிப் சிங் வழக்கு. பஞ்சாப் கிராமம் ஒன்றில் இரட்டைக் கொலை. கூண்டில் ஏழு ஆண்கள். நேரில் பார்த்தவர்கள் இறந்தவர் குடும்பத்துப் பெண்கள் இருவர். அவர்கள் சொல்வதற்கு வேறு ஆதரவுச் சான்று வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கருதியிருந்தது. நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. பெண்கள் என்பதாலும், ஏழு ஆண்களின் கதி அவர்கள் வார்த்தையில் தொங்குகிறது என்பதாலும் இப்படிச் சொன்னால், அப்படி ஒரு விதி எங்களுக்குத் தெரியாது என்று எழுதினார்.

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் இந்தக் கதையின் திருப்பம். நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டுவிட்டு வேறொருவனைக் காட்டிக்கொடுப்பது அரிது. தன் வீட்டு ஆளைக் கொன்றவன் தண்டனை பெற வேண்டும் என்று அவரைவிட விரும்புகிறவர் யார்? ஆகவே உறவு என்பது சந்தேகத்துக்கு அடிப்படை ஆகாது, பல நேரம் உண்மைக்கே பிணை. ஆனால் பகை கொழுந்துவிட்டு எரியும் இடத்தில் ஓர் ஆபத்து உண்டு. குற்றம் செய்தவனோடு சேர்த்து, மனத்தாங்கல் உள்ள நிரபராதி ஒருவனையும் இழுத்துவிடத் தோன்றும். இதையும் எல்லா வழக்குக்குமான சூத்திரமாக அவர் வைக்கவில்லை; ஒவ்வொரு வழக்கையும் அதனதன் சங்கதியில் பார்க்க வேண்டும் என்றே முடித்தார்.

பகை எப்படிப் பொய் சொல்கிறது என்பதைப் பழைய சட்டங்கள் தவறாகக் கணித்திருந்தன. பகையாளி கொலைகாரன் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரை எழுதுவான் என்று அவை பயந்தன. நடப்பதோ வேறு. வெட்டியவர்கள் இரண்டு பேர் என்றால் புகாரில் ஆறு பேர் இருப்பார்கள். அண்ணன் வெட்டினான் என்றால் தம்பி கையைப் பிடித்துக்கொண்டான் என்றும், அப்பா "விடாதே, வெட்டு" என்று தூண்டினார் என்றும் சேரும். பகையின் பொய் பெயரை மாற்றுவதில்லை, கூட்டுகிறது. அடியில் உண்மை இருக்கும், அதன் மேல் சேர்மானம் இருக்கும். முழுச் சாட்சியத்தையும் தள்ளினால் வெட்டியவனும் போய்விடுவான். முழுதாக ஏற்றால் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனும் சிறைக்குப் போவான்.

தஞ்சாவூர்த் தேநீர்க்கடை

இந்த இரண்டுக்கும் நடுவில் நீதிபதி எப்படி நடப்பது? அதற்கு விடை தந்த வழக்கு பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து டெல்லி போயிற்று. 1955 நவம்பரில் ஓர் இரவு, தேநீர்க்கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். நம்பத்தகுந்த கண்கண்ட சாட்சி என்று அரசுத் தரப்புக்கு மிஞ்சியது அவருடைய மனைவி மட்டும். முதல் எதிரிக்கு மரண தண்டனை. வடிவேலு தேவர் எதிர் சென்னை மாகாணம் என்ற பெயரில் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒற்றை வாய்மொழியை வைத்து ஓர் உயிரை எடுக்கலாமா என்பது கேள்வி.

1957 ஏப்ரலில் தீர்ப்பு எழுதியவர், பின்னாளில் தலைமை நீதிபதியான பி.பி. சின்ஹா. சோமாலிலாந்திலிருந்து 1940களில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு கொலை வழக்கும் அவருக்குத் துணை வந்தது. அதில் சாட்சி பத்துப் பதினோரு வயதுச் சிறுமி. 1872-லேயே சட்டமன்றம் எண்ணிக்கையை வேண்டாமென்று முடிவு செய்துவிட்டது என்று நினைவூட்டிய சின்ஹா, சாட்சியத்தை மூன்று வகையாகப் பிரித்தார். முழுதாக நம்பக்கூடியது, முழுதாக நம்பமுடியாதது, இரண்டிலும் சேராதது. முதல் இரண்டில் நீதிபதிக்குச் சிரமமில்லை. ஒன்றை வைத்துத் தண்டிக்கலாம், மற்றதை வைத்து விடுவிக்கலாம். ஒரே சாட்சி என்றாலும் அப்படியே. மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். அங்கே முக்கியமான சங்கதிகளுக்கு வேறு ஆதரவு, நேரடியாகவோ சூழ்நிலை வழியாகவோ, தேட வேண்டும்.

எண்ணிக்கையை வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தீர்ப்பு சொல்கிறது. ஒரே ஆள் பார்த்த குற்றங்கள் தண்டனையின்றிப் போகும். இரண்டாவது சாட்சி வேண்டும் என்று சட்டம் சொன்னால் சாட்சிகளைத் தயார்செய்யும் தொழில் வளரும். மரண தண்டனையைக் குறைக்க ஒற்றைச் சாட்சி என்பது காரணம் ஆகுமா என்ற கேள்விக்கும் இடமில்லாமல் செய்தார் சின்ஹா. குற்றம் நிரூபணமாயிற்றா என்பது ஒரு கேள்வி. என்ன தண்டனை என்பது இன்னொன்று. சாட்சிகள் எத்தனை பேர் என்பதற்கும் தண்டனையின் அளவுக்கும் தொடர்பில்லை.

இன்றும் மதுரையிலோ பாட்னாவிலோ கொலைத் தீர்ப்பைப் புரட்டினால் இந்த மூவகைப் பிரிவு கண்ணில் படும். முன்விரோத வழக்குகளில் பெரும்பாலான சாட்சிகள் மூன்றாம் வகையில் விழுவார்கள். அவர்களுடைய உண்மையும் சேர்மானமும் ஒரே வாயிலிருந்து வருவதே காரணம். அதே 1957-ல் நிசார் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு முட்டுக்கட்டையையும் நீக்கியது. ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய்யன் என்பது பழைய லத்தீன் சொலவடை. அது இங்கே சட்ட விதி அல்ல, ஓர் எச்சரிக்கை மட்டுமே என்றார்கள். நெல்லையும் பதரையும் பிரிப்பது நீதிபதியின் வேலை என்ற பேச்சு தீர்ப்புகளில் நிலைத்தது. பிரிக்கவே முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தால் மட்டும் முழுதாகத் தள்ளலாம்.

எண்ணிக்கை திரும்பி வந்த வழி

தனியாள் கொலைக்கு இது போதும். ஊர் இரண்டாகப் பிரிந்து, கும்பலாகப் போய்த் தாக்கிய வழக்குக்கு? உத்தரப் பிரதேசத்தில் 1961-ல் அப்படித்தான் நடந்தது. இரண்டு கட்சிகளுக்கு நடுவே நீண்டநாள் பகை. ஒரு தரப்பு வீடு புகுந்து தாக்கியதில் ஐந்து பேர் மாண்டார்கள். மசால்தி வழக்கு என்று பெயர் பெற்ற இது 1964-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சிக்காரர்கள், ஆகவே தள்ளுங்கள் என்பது வாதம். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் மறுத்தார். பிளவுபட்ட கிராமத்தில் சாட்சி சொல்ல வருகிறவர் ஏதோ ஒரு கட்சியைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார்; அதற்காக எந்திரம்போலத் தள்ளிக்கொண்டே போனால் நீதி தோற்றுவிடும்.

ஆனால் கும்பலில் யார் யார் இருந்தார்கள் என்பதில் சேர்மானத்துக்கு வாய்ப்பு அதிகம். அங்கே ஓர் அளவுகோல் வைத்தார்கள்: ஒருவர் பெயரை இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணில்லாமல் சொன்னால்தான் அவருக்குத் தண்டனை. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் நான்கு சாட்சிகள் என்றே வைத்து ஏழு பேரை விடுவித்திருந்தது. இது எந்திரத்தனமான சோதனைதானே என்ற ஆட்சேபத்துக்கு, அப்படித் தோன்றலாம்தான், ஆனாலும் இத்தகைய வழக்கில் பயன் உண்டு என்பது பதில்.

பார்த்தால் கான்ஸ்டன்டைன் பின்வாசல் வழியாக வந்துவிட்டதுபோல இருக்கும். வித்தியாசம் பெரிது. அவன் விதியில் எண்ணிக்கை, உண்மை எது என்பதற்கே அளவு. மசால்தியில் அது கூட்டிச் சேர்த்த பெயர்களைக் கழிக்கும் கருவி. கொலை நடந்ததா என்பதை யாரும் தலை எண்ணித் தீர்மானிக்கவில்லை.

பகை இல்லாத சாட்சிகள்

மூன்றாம் வகைச் சாட்சியத்துக்கு ஆதரவு தேடு என்றார் சின்ஹா. எங்கே தேடுவது? ஊரே இரண்டு பட்டிருக்கும்போது மனிதர்களிடம் தேடிப் பயனில்லை. நீதிமன்றங்கள் பகை கொள்ளத் தெரியாதவற்றின் பக்கம் திரும்பின. அவற்றில் முதலாவது கடிகாரம்.

பெயரைச் சேர்க்க நேரம் வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும், பெரியவர்களிடம் யோசனை கேட்க வேண்டும். 1972-ல் துலியா காளி எதிர் தமிழ்நாடு வழக்கில் காவல் நிலையம் இரண்டே மைலில் இருந்தும் புகார் பதிவாக 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தாமதத்துக்குள் கற்பனை புகுந்துவிடும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. கொலை வழக்கில் முதல் தகவல் அறிக்கையின் நகல் உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையில் இதை எக்ஸ்பிரஸ் எப்.ஐ.ஆர். என்பார்கள். நடுநிசியானாலும் காவலர் அதை எடுத்துக்கொண்டு போவார். மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு, பெற்றுக்கொண்ட நேரத்தையும் எழுதுவார். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த நேரத்தைத்தான். 1994-ல் மெஹராஜ் சிங் வழக்கு, அந்த நகல் எப்போது போயிற்று, பிரேத விசாரணைத் தாள்களோடு எப்.ஐ.ஆரின் விவரம் சேர்ந்து போயிற்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. பெயர்கள் பின்னால் நுழைந்திருந்தால் இந்தத் தாள்களில் எங்காவது தடம் தெரியும்.

இரண்டாவது, உடம்பு. பிரேதப் பரிசோதனையில் இரண்டே வெட்டு, சாட்சியத்தில் ஆறு பேர் ஆளுக்கொரு வெட்டு என்றால் சேர்மானம் எது என்று டாக்டரின் சான்று காட்டிக்கொடுக்கும். சாட்சியின் உடம்பில் காயம் இருந்தால் அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுவே பிணை. காயம்பட்ட சாட்சிக்கு இந்தியத் தீர்ப்புகள் தனி மதிப்புத் தருவது இதனால். எதிரியின் உடம்பிலும் காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று சாட்சிகள் வாய் திறக்காவிட்டால், சண்டை எப்படித் தொடங்கியது என்பதை மறைக்கிறார்கள் என்று பொருள். 1976-ல் லட்சுமி சிங் எதிர் பீகார் வழக்கு இதை அழுத்திச் சொன்னது. பகையாளிகள் சாட்சியாக நிற்கும் வழக்கில் இந்த மௌனத்துக்குக் கனம் அதிகம் என்றது. இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டிருந்தால் கேஸையும் கவுன்ட்டர் கேஸையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற முறையும் இதை ஒட்டியதே. ஒரு பக்கத்துச் சாட்சி விழுங்கியதை மறுபக்கத்துச் சாட்சி சொல்லிவிடுவார்.

மூன்றாவது, வெளிச்சம். மேலை நாடுகளில் கண்கண்ட சாட்சி என்றாலே அந்நியனை அடையாளம் காட்டுவதில் வரும் நினைவுப் பிழை பற்றித்தான் பேச்சு. முன்விரோத வழக்கில் எதிரி அந்நியன் அல்ல. பிறந்ததிலிருந்து பார்த்த முகம், கேட்ட குரல், தெரிந்த நடை. எனவே "சரியாகத் தெரிந்ததா?" என்பதைவிட "உண்மையைச் சொல்கிறாரா?" என்பதே இங்கே பெரிய கேள்வி. சிம்னி விளக்குக்குப் பழகிய கிராமத்துக் கண்ணை, நகரத்துக் குழல்விளக்கில் வளர்ந்த கண்ணோடு ஒப்பிட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 1990களில் சொன்னதும் உண்டு.

இதற்குள் சில தெளிவுகளும் சேர்ந்தன. ராயலசீமையின் கோஷ்டிப் பகையிலிருந்து வந்த ஹரி ஒபுல ரெட்டி வழக்கில், ஒரு பக்கம் சாய்ந்தவர் என்பதாலேயே சாட்சியம் பொய்யாகிவிடாது, கூர்ந்து அலசிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1981-ல் கல்கி வழக்கு, உறவினர் வேறு, வழக்கின் முடிவால் ஆதாயம் உள்ளவர் வேறு என்று பிரித்தது. கணவன் கொல்லப்படும்போது வீட்டில் இருந்த மனைவி ஆதாயச் சாட்சி அல்ல, அங்கே இருப்பதற்கு இயல்பான சாட்சி.

கூட்டலுக்குப் பின் கழித்தல்

2024 ஜூலை 1 முதல் ஸ்டீபனின் சட்டம் போய் பாரதிய சாட்சிய சட்டம் வந்துவிட்டது. 134-ஆம் பிரிவு 139 ஆயிற்று, உள்ளே வாக்கியம் மாறவில்லை. தஞ்சாவூர் வழக்கின் மூவகைப் பிரிவும் அப்படியே நிற்கிறது.

மாறியிருப்பது பகையின் நடத்தை. சம்பவத்துக்கும் விசாரணைக்கும் நடுவே ஆண்டுகள் ஓடுகின்றன. அதற்குள் இரு குடும்பமும் பேசி ராஜியாகலாம், நிலம் கை மாறலாம், மிரட்டல் வரலாம். கொலை வழக்கைச் சட்டப்படி ராஜி செய்ய வழியில்லை. சாட்சிகள் பிறழ்ந்துபோவதே அதற்கு வழியாகிவிட்டது. புகாரில் ஆறு பெயர் சொன்னவர் கூண்டில் ஏறி, "இருட்டாக இருந்தது, யாரென்று தெரியவில்லை" என்கிறார். முதல்நாள் பெயர்களைக் கூட்டிய அதே பகை, ஆறிய பிறகு பெயர்களைக் கழிக்கிறது. பிறழ்சாட்சி சொன்னதிலும் நம்பத்தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லிப் பார்த்தன. 2018-ல் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்து, சட்டம் வரும்வரை அதையே சட்டமாகக் கொள்ளச் சொன்னது. சேர்மானத்தைப் பிரிக்க அறுபது, எழுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட முறைகள், ஒன்றுமே சொல்லாத வாயிடம் பயன்படாது.

இந்த விதியில் ஓட்டை இல்லாமலில்லை. ஒரு நீதிபதிக்கு முழுதாக நம்பத்தகுந்தவராகத் தெரியும் சாட்சி, மேல்முறையீட்டில் இன்னொருவருக்கு மூன்றாம் வகையாகத் தெரியலாம். ஒரே சாட்சியத்தில் தூக்கும் விடுதலையும் மாறிமாறி வந்த வழக்குகள் இருக்கின்றன. ஆனால் பழைய இரண்டு விதிகளிடமும் இல்லாத ஒன்று இதனிடம் உண்டு. வாசலில் தடுத்தவனும் தலை எண்ணியவனும் காரணம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. பட்டியலும் தொகையும் அவர்களுக்குப் பதிலாகப் பேசின. பகையாளி சொன்னதை நம்பித் தண்டிக்கும் நீதிபதி, எந்தப் பகுதியை நம்பினேன், எதைத் தள்ளினேன், ஏன் என்று பத்தி பத்தியாகத் தீர்ப்பில் எழுதியாக வேண்டும். தண்டிக்கப்பட்டவன் மேல் நீதிமன்றத்தில் போய்க் கேள்வி கேட்கவும் அந்தப் பத்திகளே அவனுக்கு இடம் கொடுக்கின்றன.